ஆண்டவருக்கு மட்டும்

மன்றாட்டுப் பெட்டி ஆக்சிலியாவின் சொந்த யோசனை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. தலையான பாவங்கள் ஏழில் முதலாவது எது என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளைக் கேட்டு, பதில் தெரியாதவர்களை நிற்க வைத்தவளும் அவள்தான்.

அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி உள்ளே மூன்று கிலோமீட்டர் போனால் அந்த ஊர். நாற்பது கத்தோலிக்கக் குடும்பம், ஒரு சின்னக் கோயில், ஞாயிறுகளிலும் திருநாட்களிலும் மட்டும் பைக்கில் வந்து பூசை வைத்துவிட்டுப் போகும் பாதர் அமலன். போன வருடம் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று பாதர் ஆக்சிலியாவைக் கூப்பிட்டு, "இளைஞர் குழுவ ஒரு வருசம் நீ எடுத்து நடத்தும்மா" என்றார். அவளுக்கு இருபத்தேழு வயது, தருமபுரியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை, இன்னும் கல்யாணம் ஆகவில்லை, நன்றாகப் பாடுவாள். கோயில் வேலைக்கு வேறென்ன தகுதி வேண்டும்?

அவளுக்கு முன்னால் குழுவைப் பார்த்துக்கொண்டவன் காரியத்தைக் கெடுத்து வைத்திருந்தான். பிள்ளைகள் செபத்துக்காக எழுதிக் கொடுத்த சீட்டுகளை அவன் படித்தான். படித்ததோடு விடாமல் டீக்கடையிலும் சொன்னான். ஒரு பெண்ணின் காதல் சமாச்சாரம் ஊர் வாய்க்கு அவலாகிப் போனது. அந்தப் பெண்ணை ஒரே மாதத்தில் ஓசூர்ப் பக்கம் எங்கேயோ கட்டிக்கொடுத்தார்கள். அதன்பிறகு இளைஞர் குழு என்றால் பிள்ளைகள் வேலிப் பக்கமாகவே நழுவிப் போனார்கள்.

அதனால்தான் அந்தப் பெட்டி. பெரிய பிஸ்கட் டின் ஒன்றின் மூடியில் கீறல் போட்டு, மூடியைச் சுற்றிப் பழுப்பு டேப்பை ஆறு சுற்றுச் சுற்றினாள். வெள்ளைத் தாளில் 'ஆண்டவருக்கு மட்டும்' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினாள். தவக்காலத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும், குழுவின் முன்னால் விவிலியத்தின் மேல் கை வைத்துச் சொன்னாள்: "யாரும் படிக்க மாட்டோம். நானும் படிக்க மாட்டேன். சத்தியம். அடுத்த வருசம் சாம்பல் புதனுக்குப் பழைய குருத்தோலைகள எரிக்கறப்ப, இதையும் பிரிக்காம எரிச்சிடுவோம். உங்க மன்றாட்டே சாம்பலா நம்ம நெத்திக்கு வரும்." பிள்ளைகள் கை தட்டினார்கள். பாதர்கூட, "நல்லாருக்கும்மா, ஆயர் இல்லத்துக்கு அனுப்பற ஆண்டறிக்கையில இத மறக்காம எழுது" என்றார்.

பெட்டி வேலை செய்தது. ஆறு பேர் பதினெட்டாகி, ஈஸ்டர் பாஸ்கா முடிவதற்குள் இருபத்தைந்தானார்கள்.

வாரம் தவறாமல் சீட்டுப் போட்டவள் ஷைனி. பதினாறு வயது, பத்தாம் வகுப்பு, அப்பா இல்லை. அம்மா மிக்கேலம்மாள் தக்காளித் தோட்டங்களில் கூலிக்குப் போகிறவள். பெண் பிள்ளையைத் தனியாக வைத்திருப்பது வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பது போல என்று வாய்க்கு வாய் சொல்லுவாள். சொல்லுவதோடு நில்லாமல், கூட்டம் முடியும்வரை கோயில் வாசற்படியிலேயே உட்கார்ந்து மகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கூட்டத்தில் பாதிப் பேர் அவளுக்குச் சொந்தம் வேறு. ஷைனி தும்மினாலும் வீட்டுக்குச் சேதி போய்விடும்.

வீட்டில் தினம் கிழிக்கும் நாட்காட்டித் தாளின் பின்பக்கம்தான் ஷைனி எழுதிக் கொண்டு வருவாள். எட்டாக மடித்து, பெட்டிக்குள் போட்டுவிட்டு, ஆக்சிலியாவின் முகத்தை நேராகப் பார்ப்பாள். நீண்ட பார்வை. ஆக்சிலியா அதைப் பக்தி என்று நினைத்தாள். ஒரு ஞாயிறு எல்லார் முன்னாலும், "விசுவாசம்னா ஷைனியப் பாத்துக் கத்துக்கங்க" என்று சொல்லவும் செய்தாள். ஷைனி தலையைக் குனிந்துகொண்டாள். ஆக்சிலியா அதைத் தாழ்ச்சி என்று நினைத்தாள்.

மே மாதம் ஒரு திங்கட்கிழமை. எப்போதும் எட்டு மணி பஸ்ஸில் வேலைக்குப் போகும் ஆக்சிலியா, அன்று லேபில் முகாம் என்று ஆறு மணிக்கே பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டாள். அங்கே மிக்கேலம்மாளும் ஷைனியும் இரண்டு பெரிய பைகளோடு நின்றிருந்தார்கள். ஆக்சிலியாவைப் பார்த்ததும் ஷைனியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்தது. அம்மாவின் பக்கத்தை விட்டு இரண்டு எட்டு முன்னால் வந்தாள்.

"எங்க சித்தி, காலங்காத்தால?" என்றாள் ஆக்சிலியா.

"வேளாங்கண்ணிக்குப் பாப்பா. பரிட்ச முடிஞ்சா கூட்டியாறேன்னு வேண்டுதலு" என்று மிக்கேலம்மாள் மகளின் கையைப் பிடித்தாள்.

"அடி சக்க. எனக்கும் சேத்து மாதாகிட்ட வேண்டிக்கடி" என்று ஷைனியின் கன்னத்தைத் தட்டிவிட்டு, வந்து நின்ற பஸ்ஸில் ஆக்சிலியா ஏறிக்கொண்டாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கையசைத்தாள். ஷைனி திரும்ப அசைக்கவில்லை. பிள்ளைக்குத் தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஊருக்கு வந்தபோது ஷைனியின் கழுத்தில் தாலி இருந்தது. வேளாங்கண்ணியும் இல்லை, வேண்டுதலும் இல்லை. தொப்பூர் கணவாய்க்குக் கீழே ஒரு ஊரில், மிக்கேலம்மாளின் தம்பி ஆரோக்கிய பிரவீனுக்கு, வீட்டோடு வைத்து முடித்துவிட்டார்கள். பதினெட்டு ஆகாத பெண்ணுக்குக் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க மாட்டார்கள் என்பதால் பாதர் காதுக்கே விஷயம் போகவில்லை. வயது வந்தபிறகு கோயிலில் கல்யாணத்தை மந்திரித்துக்கொள்ளலாமாம்.

ஆக்சிலியா கோபத்தோடு பாதரிடம் போனாள். பாதர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நடந்துபோச்சேம்மா. கேஸுன்னு போனா அந்தப் புள்ள வாழ்க்கதான் சந்தி சிரிக்கும். குடும்பமும் கோயில விட்டே போயிடும்" என்றார். குழந்தைகள் உதவி எண்ணை ஆக்சிலியா போனில் அழுத்தினாள். மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டாள். வைத்துவிட்டுத் தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டாள்: அந்தப் புள்ள வாயத் திறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் சும்மா வுட்டிருப்பேனா? இந்த நியாயம் அவளுக்கு மிகவும் வசதியாக இருந்தது. நடந்தாலும் படுத்தாலும் கூடவே வந்தது.

ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருநாளுக்கு ஷைனி புருஷனோடு வந்தாள். மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்துப்போய், சேலை அவளைக் கட்டிக்கொண்டது போல் இருந்தது. பூசைக்குப் பின் கொடிமரத்துப் பக்கம் ஒரு நிமிடம் இருவரும் தனியாக நின்றார்கள்.

"ஏண்டி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்று ஆக்சிலியா கேட்டாள். கேட்கும்போது அவளுக்கு அழுகைகூட வந்தது.

ஷைனி அவளை வெறித்துப் பார்த்தாள். "அன்னிக்கு நீங்க பஸ் ஸ்டாப்புக்கு எதுக்குங்க்கா வந்தீங்க?"

"வேலைக்குத்தான். முகாம்னு சீக்கிரம் வரச் சொல்லிட்டாங்க. ஏன்?"

"பெட்டியில போடறத நெசமாவே யாரும் படிக்க மாட்டீங்களா?"

"சத்தியம் பண்ணியிருக்கேன்ல? ஆண்டவருக்கு மட்டுந்தான்."

"சரிங்க்கா" என்றாள் ஷைனி. திருநாள் பொங்கலை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த இடத்தில் எந்த மடையனுக்கும் பொறி தட்டியிருக்கும். ஆக்சிலியாவுக்கும் தட்டியது. அன்று சாயங்காலம் பீடத்துப் பக்கம் போய்ப் பெட்டியைக் கையில் எடுத்தாள். டேப்பின் நுனியை நகத்தால் நெருடினாள். சத்தியம் ஞாபகம் வந்தது. இருபத்தைந்து பிள்ளைகளின் நம்பிக்கை ஞாபகம் வந்தது. தன் நல்ல பெயரும் ஞாபகம் வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள்.

ஜனவரி கடைசியில் ஷைனி செத்துப்போனாள். எட்டாம் மாதத்தில் உதிரப்போக்கு. ஆம்புலன்சில் தருமபுரிக்குக் கொண்டு வரும்போது கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது. வண்டிகள் ஒரு மணி நேரம் நகரவில்லை. குழந்தையும் பிழைக்கவில்லை. இளைஞர் குழு அடக்கப் பூசையில் பாடியது. ஆக்சிலியாதான் பாட்டை எடுத்துக் கொடுத்தாள். முதல் வரிக்கு மேல் பிள்ளைகளே பாடி முடித்தார்கள்.

சாம்பல் புதனுக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை, நாலு மணி வெயில். பிள்ளைகள் வீடு வீடாகப் போய், திருப்படங்களுக்குப் பின்னால் ஒரு வருடமாய்ச் செருகியிருந்த காய்ந்த குருத்தோலைகளைச் சேர்த்துக் கோயிலுக்குப் பின்னால் குவித்திருந்தார்கள். அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஆக்சிலியா இரும்புச் சட்டியில் ஓலைகளை அடுக்கித் தீ வைத்தாள். பெட்டி பக்கத்தில் இருந்தது. ஆயர் இல்லத்தின் ஆண்டறிக்கைப் படிவமும் பையில் இருந்தது. 'பெறப்பட்ட மன்றாட்டுகள்' என்ற கட்டத்தில் எண்ணிக்கை எழுத வேண்டும்.

பிளேடால் டேப்பை அறுத்தாள். சீட்டுகள் மடியில் கொட்டின. மற்றவற்றை அவள் பிரிக்கவில்லை. நாட்காட்டித் தாள்களை மட்டும் பொறுக்கினாள். ஒன்பது இருந்தன. ஒன்பதிலும் சிவப்பு மையில் ஞாயிறு என்றிருந்தது. தேதி வாரியாக அடுக்கி வைத்துவிட்டு, பிரிக்கப் பயந்து உட்கார்ந்திருந்தாள்.

நிழல் விழுந்தது. மிக்கேலம்மாள் தன் வீட்டுக் குருத்தோலையோடு நின்றாள். ஒரே மாதத்தில் உடம்பு பாதியாகியிருந்தது.

"எங்கூட்டு ஓலை பாப்பா. புள்ளைங்க வந்தப்ப நான் வூட்டுல இல்ல." தாள்களைப் பார்த்தாள். "அது எங்கூட்டு காலண்டராட்டம் இருக்குது?"

"ஷைனி எழுதினதுங்க சித்தி."

மிக்கேலம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "என்ன எழுதியிருக்கிறா? என்னப் பத்தி எழுதியிருக்கிறாளா? படி பாப்பா."

ஆக்சிலியா முதல் தாளைப் பிரித்தாள். "ஆண்டவரே, சயின்ஸ்ல பாஸ் ஆகணும்." இரண்டாவது: "ஆண்டவரே, அம்மாவுக்கு முதுகுவலி போகணும்." மிக்கேலம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்றாவதும் பரீட்சைதான். நான்காவது: "ஆண்டவரே, என்னை மாமாவுக்குப் பேசறாங்க. நிறுத்திடுங்க. நான் பதினொன்னு படிக்கணும்."

ஆக்சிலியா நிறுத்தினாள்.

"படி" என்றாள் மிக்கேலம்மாள்.

ஐந்தாவது: "அக்கா, ஆண்டவர் ஒன்னும் பண்ணலை. அதனால இனிமே உங்களுக்கு எழுதறேன். படிக்க மாட்டேன்னு நீங்க சும்மா சொல்றீங்கன்னு எனக்குத் தெரியும். எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. நேர்ல பேசினா அம்மா பார்த்துடுவாங்க. போனையும் புடுங்கிட்டாங்க."

ஆறு, ஏழு, எட்டு. ஒவ்வொன்றும் முந்தினதைவிடச் சின்னது. எட்டாவதில், "அக்கா, படிச்சீங்களா? படிச்சிருந்தா அடுத்த வாரம் என்னைப் பார்த்துத் தலையாட்டுங்க" என்று மட்டும் இருந்தது. அடுத்த வாரம் தலையாட்டினோமா என்று ஆக்சிலியா யோசித்தாள். ஆட்டியிருப்பாள். யாரைப் பார்த்தாலும் சிரித்துத் தலையாட்டுவது அவள் வழக்கம்.

ஒன்பதாவது தாளை எழுத்துக் கூட்டிப் படிப்பவள் போல் படித்தாள். "அக்கா, நாளைக்குக் காலைல ஆறு மணி பஸ். வேளாங்கண்ணின்னு சொல்வாங்க, பொய். நீங்க பஸ் ஸ்டாப்புக்கு வந்து நில்லுங்க, போதும். உங்களைப் பார்த்தா எனக்குத் தைரியம் வந்துடும். உங்ககூடவே வந்துடறேன்."

ஓலை சடசடவென்று எரிந்தது. பக்கத்துக் காட்டுக் கிணற்றில் யாரோ மோட்டார் போட்டார்கள். அந்த முகத்தில் அன்று வந்த வெளிச்சத்தை ஆக்சிலியா இப்போதுதான் முழுசாகப் பார்த்தாள். இரண்டு எட்டு முன்னால் வந்தவளின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் பஸ் ஏறியவள் தான்தான்.

"நீ வந்து நின்ன பாப்பா" என்றாள் மிக்கேலம்மாள்.

"சித்தி, எனக்குத் தெரியாதுங்க..."

"நான்தான் எம் மவளக் கொன்னேன்னு ஊரே சொல்லுது. சொல்லட்டும், நெசந்தான்." மிக்கேலம்மாள் அழவில்லை. தாள்களைத் தடவிப் பார்த்தாள், எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினாள். "இதெல்லாம் எங்கூட்டு ஆணியிலருந்து எங்கண்ணு முன்னாலதான் கிழிச்சா. பக்கத்துல உக்காந்துதான் எழுதினா. எனக்குப் படிக்கத் தெரியாது பாப்பா. ஒனக்குத் தெரியுமே."

மிக்கேலம்மாள் தன் ஓலையைத் தீயில் போட்டுவிட்டு எழுந்தாள். "அதையும் போட்டுரு. ஊரு படிக்க வேணாம்."

"இல்லீங்க சித்தி. இது எனக்கு வந்தது."

மற்றச் சீட்டுகளையும் அவள் எரிக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்து, வெளிச்சம் இருக்கும்வரை படித்தாள். கடைசி டிசம்பர் ஞாயிறு தேதி போட்ட ஒன்றில், அன்பரசி என்ற பதினைந்து வயதுப் பெண்ணின் கையெழுத்து இருந்தது. 'அக்கா, எனக்கும் மாப்பிள்ளை பேசறாங்க' என்று தொடங்கியிருந்தது. ஆக்சிலியா அதை முழுக்கப் படிப்பதற்குள் எழுந்துவிட்டாள். செருப்பைக்கூடப் போடாமல் அன்பரசி வீட்டுப் பக்கம் ஓடினாள்.