பீர்க்கங்கொடி மூடிய பலா

பங்குனி வெயிலில் பீர்க்கங்கொடி சருகாகிப் போனதை மருதாயி கவனிக்கவில்லை. பண்ணையார் ரத்தினவேல் கவனித்துவிட்டார்.

கடலை பறிக்கக் கிளம்பிய அவள் புருஷன் கருப்பன் குடிசையைவிட்டு வெளியே வந்தால், எதிரே குடையை ஊன்றிக்கொண்டு அவர் நிற்கிறார்.

"அது என்னடா?"

சருகுக்கு நடுவே ஒரு பலா. கூரைக்கு மேலே தலை தெரியாதபடி நுனியைக் கிள்ளிக் கிள்ளி, கொடியைப் படரவிட்டு, இத்தனை வருஷமாக மருதாயி மறைத்து வளர்த்தது. அடிமரத்தில் முதல் பிஞ்சு தொங்கியது.

தோப்போரத்துக் குடிசைகளுக்குப் பண்ணையார் வைத்த சட்டம் ஒன்று இருந்தது. கீரை போடலாம், கொடி விடலாம், பலன் தரும் மரம் மட்டும் வைக்கக்கூடாது. மரம் வளர்த்தவன் மனைக்கு உரிமை கேட்பான், அவனை லேசில் கிளப்ப முடியாதல்லவா? அப்பன் காலத்திலிருந்து அந்த மண்ணில் கிடந்து உழைத்தவனுக்கு ஒரு மரத்தின் நிழல்கூடச் சொந்தமாகிவிடக்கூடாது. என்ன வயிற்றெரிச்சல்!

"ஒங்க வீட்டு விருந்துல வீசுன கொட்டைதாங்க. கொழம்புக்குப் பொறுக்குனதுல ஒண்ணப் பொதச்சு வச்சேன்" என்றாள் மருதாயி.

"வீசுனதப் பொறுக்கித் தின்னுட்டுப் போக வேண்டியதுதானே? கருப்பா, வெட்டுடா அத. இல்லேன்னா சட்டி பானையத் தூக்கிக்கிட்டு இன்னைக்கே கெளம்பு."

கருப்பன் அரிவாளை எடுத்தான். கை நடுங்கியது.

அடுத்த குடிசை அழகி இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். "என்னண்ணே நடுங்குது? போன வருசம் இவரு சொன்னாருன்னு எம் மாங்கன்னப் புடுங்கி எறிஞ்ச கைதானே? நானும் வெதை போட்டுத்தான் மொளைக்க வச்சேன். அப்ப நடுங்கலையே!"

செவிட்டில் அறைந்தது போலிருந்தது கருப்பனுக்கு. மாங்கன்றைப் பிடுங்கியபோது அவள் கெஞ்சியதும், பண்ணை உத்தரவு என்று தான் விறைப்பாகச் சொன்னதும் நினைவுக்கு வந்தன. அரிவாளைப் பண்ணையாரின் காலடியில் போட்டான்.

"நீங்களே வெட்டிக்கங்க. எங்க கையால எங்க வயித்துல அடிக்கிறது இன்னையோட போதும்."

"கொழுப்பு ஏறிப் போச்சாடா ஒனக்கு? வெளிய போடா!"

"அண்ணன் போனா நாங்களும் போறோம்." அழகி வந்து மரத்தை ஒட்டி நின்றாள். மற்ற குடிசைக்காரர்களும் ஒவ்வொருவராக வந்து அவளருகே நின்றார்கள். "கடலைய நீங்களே குனிஞ்சு பறிச்சுக்கங்க."

பறிக்காத கடலை மண்ணுக்குள் முளைத்துவிடும் பருவம் அது. பண்ணையார் அரிவாளையும் பார்த்தார், ஆட்களையும் பார்த்தார். குனிய அவருக்கு மனம் வரவில்லை. "பாத்துக்கிறேன்டா ஒங்கள" என்று குடையைப் பிடுங்கிக்கொண்டு நடந்தார்.

மிரட்டியதோடு சரி, பண்ணையார் யாரையும் கிளப்பவில்லை. ஆடியில் அந்தப் பலா பழுத்தது. மருதாயி சுளைகளை வீடு வீடாகக் கொடுத்தாள். பின்னாலேயே கருப்பன் கொட்டைகளோடு போனான்.

"இத அவிச்சுத் தின்னுறாதீங்க. ஆளுக்கொண்ணு ஊனுங்க."

"திரும்ப வந்து புடுங்க மாட்டியே?" என்றாள் அழகி.

கருப்பன் தலை குனிந்தான். அவள் வாசலில் அவனே குழி பறித்து விதையை வைத்தான். மண்ணைத் தள்ளி மூடிவிட்டு நிமிர்ந்தான்.

"ஒரு பலாக்கன்னப் பாத்து அந்த மனுசன் பயந்தாரு தாயி. ஒழைச்சவனுக்கு உரிமை உண்டுன்னு அவருக்கு நல்லாத் தெரியும். தெரியாமக் கெடந்தது நாமதான். நாம ஒருத்தர் கன்ன ஒருத்தர் புடுங்குற வரைக்கும் அவருக்குக் கொண்டாட்டம். புடுங்க மாட்டோம்னு நின்னுட்டா, எந்தப் பண்ணையும் நம்மள அசைக்க முடியாது."