செத்தவருக்கு ஒன்ஸ்மோர்

இன்னாசிராஜ் நாடகம் எழுதுகிற லட்சணம் பாலக்கரைக்கே தெரியும். கதையை எழுதிவிட்டுப் பாட்டுத் தேடுகிற பழக்கம் அவரிடம் கிடையாது. ஜனங்களுக்கு மனப்பாடமான பழைய சினிமாப் பாட்டுகளை முதலில் பொறுக்கிக்கொள்வார். அவற்றுக்குத் தோதாக ஆட்களைச் சிரிக்கவும் அழவும் வைப்பார். எண்பத்து மூன்றாம் வருஷத்து மாதா கோயில் திருவிழா நாடகத்தில் ஒரு ரயில் பாட்டு வந்துவிட்டதால், கதாநாயகி கோபித்துக்கொண்டு துறையூருக்கு ரயில் ஏறினாள். துறையூருக்கு ஏது ரயில் என்று ஒருவரும் கேட்கவில்லை. பாட்டு அப்படி.

லூர்துராணிக்கு இந்த வேடிக்கையில் மனம் ஒட்டவில்லை. அவள் கவலையெல்லாம் கடைசிப் பாட்டைப் பற்றி. கதாநாயகன் பாடிக்கொண்டே உயிரை விடுகிற பாட்டு அது. பாடப்போவது அவள் கணவர் இருதயநாதன். தவக்காலத்தில் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து வந்த மனுஷர். மூச்சு வாங்குகிற காரியம் எதுவும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து சவரம் செய்யும்போதெல்லாம் பாடிவந்த பாட்டை இன்னொருத்தன் மேடையில் பாடுவதா என்று அவர் சோறு தண்ணி இறங்காமல் உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் அவள்தான் இறங்கிவந்தாள்.

“ஒரு தடவைதாங்க. ஒன்ஸ்மோர் கேட்டா நீங்க எந்திரிக்கவே கூடாது” என்றாள். மாதா படத்தின்மேல் கைவைத்து அவர் சத்தியம் செய்தார்.

செய்தாரே தவிர, அவளுக்கு நம்பிக்கை இல்லை. அந்த ஊர் மேடையில் ஒன்ஸ்மோர் என்று கேட்டுவிட்டால் செத்தவனும் எழுந்து பாடிவிட்டு மறுபடி சாக வேண்டும். அதுதான் சபைக்கு மரியாதை. இருதயநாதன் அதுவரை ஒரு ஒன்ஸ்மோரையும் தட்டியவர் இல்லை. அதனால் அவர் செத்த கையோடு திரையை இறக்கிவிடும்படி இன்னாசிராஜிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

நாடகத்தன்று அவர் குறை சொல்ல முடியாதபடி பாடினார். கடைசி அடியில் மட்டும் மூச்சு இழுத்தது. முன்வரிசையில் இருந்த லூர்துராணி நாற்காலி நுனிக்கே வந்துவிட்டாள். திரை விழுந்ததும் சிலுவை போட்டுக்கொண்டாள். அதற்குள் கொட்டகை முழுக்க ஒன்ஸ்மோர் என்று ஒரே கூச்சல். திரை இழுக்கும் செபஸ்தியானுக்கு அந்தச் சத்தம் காதில் விழுந்தால் போதும், கை தானாகக் கயிற்றை இழுத்துவிடும். இழுத்துவிட்டது. மேடையில் செத்தவர் முழங்கையை ஊன்றி எழுந்துகொண்டிருந்தார். முகம் வெளிறிக் கிடந்தது.

எப்படி மேடையேறினாள் என்று அவளுக்கே தெரியாது. “படுங்க, நான் பாடுறேன்” என்று அவர் தோளை அழுத்தித் தலையை மடியில் கிடத்திக்கொண்டாள். ரயிலேறிப் போன கதாநாயகி வேறு புடவையில், ஐம்பது வயதாகித் திரும்பி வந்ததாக ஜனங்கள் எடுத்துக்கொண்டார்கள். அதையும் ஒருவரும் கேட்கவில்லை.

வீட்டில்கூட வாய்விட்டுப் பாடியறியாதவள் அவள். பாட்டோ சவரக் கண்ணாடிக்குப் பின்னால் அடுப்படியில் நின்று கேட்டுக் கேட்டு ஊறியது. ஹார்மோனியம் தடுமாறி அவள் சுருதியைப் பிடித்துக்கொண்டது. கொட்டகை அடங்கியது. பாடிக்கொண்டே குனிந்து பார்த்தாள். அவர் அசையவே இல்லை. நடிப்புத்தானா என்று பயந்துபோனாள். அப்போது அவள் முழங்காலில் அவருடைய விரல் ஒன்று மெல்லத் தாளம் போட்டது. அவள் குரல் உடைந்து கண்ணீர் கொட்டியது. என்ன நடிப்பு என்று பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பாட்டு முடிந்ததும், “இத்தன வருஷம் இந்தக் குரல எங்கடி வச்சிருந்தே?” என்று மடியிலிருந்து மெதுவாகக் கேட்டார்.

“செத்தவங்க பேசக் கூடாது” என்றாள்.

கொட்டகை மறுபடியும் ஒன்ஸ்மோர் கேட்டது. இருதயநாதன் கொடுத்த வாக்கைக் காப்பாற்றி, தாளம் போடுகிற விரலைத் தவிர வேறெதையும் அசைக்காமல், அவள் மடியிலேயே கிடந்தார். லூர்துராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் அடியிலிருந்து தொடங்கினாள்.