துடைத்த புள்ளி

காலை பத்தரை மணிக்குக் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணி அலறியது. கையிலிருந்த காபியை எங்கே வைத்தோம் என்றுகூடப் பார்க்காமல் கல்லக்கா திரையருகே ஓடினாள். பாறைகளைப் படித்தவள் என்பதால் அலுவலகம் வைத்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி.

"தூசி, அக்கா!" என்றான் விண்கலத்தை இயக்கும் மாப்பிள்ளை. கல்யாணமான மறுநாளே வேலைக்கு வந்து நின்றவன், பெயர் ஒட்டிக்கொண்டது. "நிமிஷத்துக்கு நாப்பது தடவை கலத்து மேல மோதுது. இந்த உயரத்துல ஒண்ணுகூட இருக்கக் கூடாதே."



கலம் இன்று ஓர் எரிமலை நிலாவை ஒட்டிப் பறக்கிறது. ராட்சதக் கிரகம் ஒருபுறமும் கூடப்பிறந்த நிலாக்கள் மறுபுறமும் இழுக்க, ஓயாமல் நெளிந்தே உள்ளுக்குள் உருகிப்போன நிலா அது. "அம்மாவும் பொண்டாட்டியும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தா மனுஷன் கொதிக்க மாட்டானா?" என்று கல்லக்கா அதை விளக்குவாள். அங்கே எரிமலை கக்கும் கந்தகத் தூசி முந்நூறு கிலோமீட்டர் எழும்பும். எல்லா எரிமலைகளையும் வரைபடத்தில் குறித்து, இன்றைய பாதையில் எதுவுமில்லை என்று கையெழுத்துப் போட்டவள் அவள்தான். பதினெட்டு வருட உழைப்பு. இன்னொரு கலம் அனுப்ப எவரும் தயாரில்லை.

திட்ட இயக்குநர் மூச்சிரைக்க உள்ளே வந்தார். "பாதையை மாத்துங்கப்பா."

"எங்க சார் மாத்தறது?" என்றான் மாப்பிள்ளை. " நம்ம கட்டளை போய்ச் சேரவே முக்கா மணி நேரம். இந்தச் சேதி வந்து சேரவும் முக்கா மணி நேரம் ஆயிருக்கு. அங்க எல்லாம் முடிஞ்சிருக்கும்."

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இங்கே யானை மிதித்துவிட்டுப் போன பிறகுதான் மணியோசையே வந்தது.

கலம் முன்பே அனுப்பியிருந்த படங்களைத் துடைக்காத வடிவில் கல்லக்கா திறந்தாள். கிரகத்தின் கதிர்வீச்சு பட்டால் படமெங்கும் அரிசி இறைத்தாற்போல் வெள்ளைப் புள்ளிகள் விழும். எனவே படங்கள் மேசைக்கு வருமுன்பே கணினி எல்லாப் புள்ளிகளையும் துடைத்துவிடும்; துடைத்ததைத்தான் பார்ப்பது அந்த அறையின் வழக்கம். கதிர்வீச்சுப் புள்ளி படத்துக்குப் படம் இடம் மாறும். ஆனால் நிலாவின் இருட்டுப் பக்கத்தில் ஒரு புள்ளி மட்டும் பதினோரு படங்களிலும் ஒரே இடத்தில் குந்தியிருந்தது. புதிதாக வாய் திறந்த எரிமலை. பாதைக்கு நேர் கீழே.

திரையில் மோதல் எண்ணிக்கை ஆயிரமானது, நாலாயிரமானது. அதன்பின் எண்ணே வரவில்லை.

"ஆண்டெனா கோளாறா இருக்குமோ?" என்றார் இயக்குநர். பதிலை எதிர்பார்க்காதவர்போல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என் தப்புதான்," என்றாள் கல்லக்கா. "துடைக்காத படத்தை நான் திறக்கவே இல்லை. இத்தனை பேர் இருக்கோம், ஒருத்தர்கூடவா திறந்து பார்க்கல?"

மாப்பிள்ளை வெறும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் பார்த்தேன்க்கா. போன தடவை ஒரு புள்ளியைக் காட்டினப்ப எல்லாரையும் கூப்பிட்டு வச்சுச் சிரிச்சீங்களே, அதான் இந்தத் தடவை வாயைத் திறக்கல."