வியாழனும் வெள்ளியும்

ஒன்பது மணியாவதற்குள் மெற்றில்டா கொழும்பு, புதுக்கடை நீதிமன்ற வராந்தாவை ஏழெட்டுத் தடவை அளந்துவிட்டாள். கொட்டாஞ்சேனையில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை அவள். பக்கத்து வீட்டு றேமண்டின் கூரைத் தண்ணீர் தன் குசினிச் சுவரை அரிக்கிறது என்று அவள் போட்ட வழக்கு தோற்றுப்போனது. தோற்றதை ஒருவாறு விழுங்கிக்கொண்டாள். ஆனால் இது வீம்புக்குப் போட்ட வழக்கு, எதிராளியின் வழக்குச் செலவையும் அவளே கட்ட வேண்டும் என்ற கட்டளையை அவளால் விழுங்க முடியவில்லை. அதை எதிர்த்து மேன்முறையீடு செய்யக் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அந்த நாள் தவறிவிட்டது. இன்று கூடுதல் அவகாசம் கேட்க வந்திருக்கிறாள்.

“அன்ரி, கொஞ்சம் இருங்கோவன்,” என்றாள் அவளுடைய சட்டத்தரணி துஷ்யந்தி. “டெங்கு எண்டு ஆஸ்பத்திரித் துண்டு இருக்கு. ஆனா சனிக்கிழமைதான் அட்மிட் பண்ணினதெண்டு அதில கிடக்கு. வியாழனும் வெள்ளியும் எழும்ப ஏலாமக் கிடந்ததை ஒருத்தரும் பாக்கேல்லையா?”

“தனிய இருக்கிறவளை ஆர் பாக்கிறது?”

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பார்த்தவன் ஒருவன் இருந்தான். அவன் பெயரைச் சொல்ல நாக்கு வரவில்லை.

வழக்கு கூப்பிடப்பட்டது. துஷ்யந்தி பயந்ததையே எதிர்ப்பக்கச் சட்டத்தரணி பிடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை அவள் வீட்டில்தான் இருந்தாள், காய்ச்சல் என்பதற்கு அவள் வாய்ச்சொல் மட்டுமே இருக்கிறது என்றார். நீதிபதி சிங்களத்தில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: “இதற்கு வேறு யாராவது சாட்சி உண்டா?”

மெற்றில்டா யோசித்தாள். இல்லை என்று சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். அவன் பெயரைச் சொன்னால் அவனிடம் கடன்பட்டவளாக நிற்க வேண்டும்.

“இருக்கு,” என்றாள். “வியாழக்கிழமை கேற்றடியில விழுந்திட்டன். தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்க வச்சது… அந்தா, அவர்தான்.”

மண்டபமே றேமண்டைத் திரும்பிப் பார்த்தது. அவனுடைய சட்டத்தரணி கையைப் பிடித்து இழுத்தும் அவன் எழுந்து நின்றான்.

“ஓம் சேர், உண்மைதான். நெருப்பாக் கொதிச்சது. வெள்ளியும் என்ர மனுசிதான் கஞ்சி குடுத்தவ. சனிக்கிழமை என்ர ஓட்டோவிலதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனனான்.” கொஞ்சம் நிறுத்தி, “ஆனா வழக்கு வீம்புக்குப் போட்டதுதான் சேர்,” என்றான்.

யாரோ சிரித்தார்கள். நீதிபதி எதையோ எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை வைத்தார். பத்து நாள் அவகாசம் கிடைத்தது.

வெளியே படிக்கட்டில் றேமண்ட் அவளைக் கடந்து இறங்கினான். “அக்கா, செலவை நான் விடமாட்டன். இப்பவே சொல்லிப்போட்டன்.”

“விடச் சொல்லி நான் கேக்கேல்ல.” அவளும் ஒரு படி இறங்கினாள். “அண்டைக்குத் தூக்கினதுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லேல்ல நான். அதைத்தான் இப்ப சொல்லுறன்.”

அவன் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனான்.

துஷ்யந்தி கோப்புகளை அணைத்துக்கொண்டு வந்தாள். “அன்ரி, இனிப் போய் ஆறுதலாப் படுங்கோ.”

“அப்பீல் எழுத நாளைக்குக் காலமை எட்டுக்கே உங்கட ஒபிசுக்கு வரட்டே?”

“பத்து நாள் கிடக்கு, அன்ரி.”

“பத்து நாள் எங்க காணும்? இந்த முறையும் கடைசி நாள் தவறக்கூடாது,” என்றபடி மெற்றில்டா பஸ் நிறுத்தத்தை நோக்கி நடக்கத் தொடங்கினாள்.