பளபள சைலன்சர்

என் புருஷன் ஃபெர்மோ என்னைக் கட்டிக்கொள்ள முடிவெடுத்தது ஒரே சாயங்காலத்தில். மோட்டார் சைக்கிளுக்கு ஒரு சைலன்சர் வாங்க அவனுக்கு ஒரு குளிர்காலம் முழுதும் பிடித்தது.

மலையில் ஓட்டுகிற டூ ஸ்ட்ரோக் வண்டி அது. சைலன்சர் முன்சக்கரத்துக்குப் பின்னால் வயிறு பருத்து வளைந்து போகும். வழியில் உள்ள கல்லெல்லாம் முதலில் அதைத்தான் விசாரிக்கும். பழையது அடிபட்டு அடிபட்டுப் பிளந்தே போய்விட்டது.

எங்கள் ஊருக்கு மேலே ஓடைப் பள்ளம் ஒன்று, பாறையும் சேறுமாகச் செங்குத்தாக ஏறுகிறது. 'தொண்டை' என்று பெயர். வசந்தம் வந்ததும் ஞாயிற்றுக்கிழமை பார்த்து எல்லாரும் அதில் ஏறுவார்கள். ஏற முடியாதவன் கீழே நின்று எல்லாருக்கும் பொலெந்தா என்கிற சோளக் களியைக் கிண்ட வேண்டும். கூட்டத்தில் ஒருமுறைகூட உச்சியைப் பார்க்காதவன் ஃபெர்மோ மட்டும்தான். வருஷா வருஷம் கேலிக்குச் சிரித்துக்கொண்டே கிண்டுவான். வீடு திரும்பும்போது ஒரு வார்த்தை பேசமாட்டான். அது எனக்குத்தான் தெரியும்.

கடைக்கார ஜில்தோ மூன்று சைலன்சர்களை எடுத்து வைத்தான். ஒன்று வேகத்துக்கானது, சமதரையில் பறக்கலாம், தொண்டைக்கு உதவாது என்று அவனே ஒதுக்கிவிட்டான். மற்ற இரண்டும் மெதுவாகப் போகும்போதே நன்றாக இழுக்கும். அவற்றில் ஒன்று தடித்த தகடு, சாம்பல் நிறம், பார்க்கச் சகிக்காது, ஆனால் கல்லுக்கு அஞ்சாது. இன்னொன்று மெல்லிய தகடு, நிக்கல் பூச்சு, கண்ணாடி மாதிரி மின்னியது.

"தடிச்சத எடு. நீ மலைக்குப் போறியா, கல்யாணத்துக்குப் போறியா?" என்றேன்.

எடை குறைவு, முன்சக்கரம் லேசாகத் தூக்கும் என்று ஏதேதோ கணக்குச் சொன்னான். எல்லாம் சும்மா. அதில் அவன் மூஞ்சி தெரிந்தது, ஆள் மயங்கிவிட்டான். கல் படாமலிருக்க ஒரு கவசம் போடலாமே என்று ஜில்தோ கேட்டதற்கு, அப்புறம் பளபளப்பு எப்படித் தெரியும் என்றான்.

அதற்கப்புறம் அவன் ஓட்டியதைப் பார்க்க வேண்டுமே! முட்டை அளவு கல்லுக்கெல்லாம் சுற்றிப் போனான். வீட்டுக்கு வந்து துணியால் துடைத்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த ஞாயிறு வந்தது. சைலன்சரைக் குறை சொல்ல வழியில்லை, வண்டி அருமையாக இழுத்தது. பாதித் தூரத்தில் ஒரு பெரிய பாறை, சைலன்சரின் வயிற்றை அதன்மேல் உரசவிட்டுத்தான் தாண்ட வேண்டும். அங்கே போனதும் ஃபெர்மோ பிரேக்கைப் பிடித்தான். கீழே வந்து மறுபடி போனான். மறுபடியும் அதே இடத்தில் நின்றான்.

"ஃபெர்மோ, பேசாம அத கழட்டி வீட்டுக் கூடத்துல மாட்டிடு. நாங்க வந்து பாத்துட்டுப் போறோம்," என்றான் ஜில்தோ.

எல்லாரும் சிரித்தார்கள். ஃபெர்மோவும் சிரித்தான், காது மட்டும் சிவந்திருந்தது. வண்டியை ஓரமாகச் சாய்த்துவிட்டு, தானே போய்க் கரண்டியைக் கையில் எடுத்தான். என்னால் பொறுக்க முடியவில்லை. ஓடையிலிருந்து ஒரு கல்லை எடுத்தேன், அந்தப் பளபள வயிற்றில் ஓங்கிப் போட்டேன்.

ணங்கென்று ஒரு சத்தம்.

"ஒடுக்கு விழுந்தாச்சு. இனிமே எதுக்குப் பயப்படணும்? ஏறு," என்றேன்.

ஃபெர்மோ என்னையும் பார்த்தான், ஒடுக்கையும் பார்த்தான். கரண்டியை வைத்துவிட்டு வண்டியை உதைத்துக் கிளப்பினான். கோபித்துக்கொண்டு வீட்டுக்குத்தான் போகிறானோ என்று நினைத்தேன். வண்டி தொண்டைப் பக்கம் திரும்பியது.

பாறையில் தகடு அரைபடும் சத்தம் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் சத்தம் நிற்கவில்லை. மேலே மேலே போனது. கடைசியில் உச்சியிலிருந்து எஞ்சினை முறுக்கு முறுக்கென்று முறுக்கினான், மலையே புகையாகிவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அதிலென்ன வெட்கம்.

ஓரத்து ஒற்றையடிப் பாதையில் மூச்சு வாங்க மேலே ஓடினேன். அவன் சேற்றில் குப்புறப் படுத்து, சைலன்சரைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். பல்லெல்லாம் சேறு, முகமெல்லாம் சிரிப்பு.

"தெல்ஃபீனா, இங்க வந்து பாரு," என்றான். "இருக்கறதுலயே சின்ன ஒடுக்கு உன்னோடதுதான்."