ஆரஞ்சுத் தோல்

அவளுக்கு நத்தை என்று பட்டப்பெயர் வைத்தவளே நான்தான். இருவரும் ஒரே மேடத்திடம் ஆராய்ச்சி செய்கிறோம். பாறையில் ஒட்டி வாழும் உயிர்களான கடற்பஞ்சுகளின் டிஎன்ஏவைப் படித்து, மருந்துக்கு உதவும் புது இனம் கிடைக்குமா என்று தேடுவது என் வேலை. அவள் கடல் உள்வாங்கும் நேரம் பார்த்துப் பாறைமேல் அரை மீட்டர் சதுரச் சட்டத்தை வைத்து, அதற்குள் இருக்கும் உயிர்களை எல்லாம் எண்ணுவாள். ஒரு சட்டத்துக்கு இரண்டு மணி நேரம். மூன்று வருடமாக அதே பாறை. கல்லு உனக்குச் சம்பளம் கொடுக்குதா என்று கேட்டிருக்கிறேன். சிரித்துவிட்டுப் போவாள்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். எனக்குப் பொறுமை கிடையாது. பொறுமையாக இருப்பதற்கும் வீட்டில் வசதி வேண்டும். அதனால் என் பஞ்சின் டிஎன்ஏ இதுவரை பதிவான எதனுடனும் ஒத்துப்போகவில்லை என்று தெரிந்த அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. செவ்வாய்க்கிழமை ஆய்வுக் குழுவின் முன் பேச வேண்டும். புது இனம் என்று அவர்கள் ஏற்றால் உதவித்தொகை இன்னும் இரண்டு வருடம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அம்மா அதற்குள் தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. தெருவுக்குத் தெரிந்ததெல்லாம் தலையணைப் பஞ்சு. இருந்தாலும் பெருமைக்குக் குறைச்சல் இல்லை.

திங்கள் மதியம் நத்தை என் மேசையில் இரண்டு கண்ணாடித் தகடுகளை வைத்தாள். என்னிடம் கேட்டு வாங்கிப்போன பஞ்சில் உள்பக்கம் ஒரு துண்டு, மேல்பக்கம் ஒரு துண்டு வெட்டி, தனித்தனியாக பிளீச்சில் கரைத்திருக்கிறாள். சதை கரைந்தால் மிஞ்சுவது பஞ்சின் எலும்பான கண்ணாடி ஊசிகள். நுண்ணோக்கியில் பார்த்தேன். ஒன்றில் இரு முனையும் கூரான ஊசி. மற்றதில் குண்டூசி மாதிரித் தலை வைத்தது.

"இது ரெண்டு பஞ்சுடி. பெருசு மேல சின்னது தோல் மாதிரி படர்ந்திருக்கு. நீ ஓரத்துல வெட்டியிருக்க. வீட்டுக்காரரைக் கணக்கெடுக்கப் போயி மாடியில குடியிருக்கிறவனை எழுதிட்ட."

சுலபம் என்று ஓரத்தில் வெட்டியது உண்மை. நாளைக்குப் பேச வேண்டியவளிடம் இன்றைக்கா வந்து சொல்வது என்று கத்தினேன். இன்றைக்குத்தான் ஊசி தெரிந்தது, வேறு யாரிடமும் சொல்லவில்லை என்றாள். அப்படியானால் புதுசு அந்தத் தோல்தானே, அதைக் காட்டிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று என் புத்தி ஓடியது.

அவள் தன் நோட்டைத் திறந்தாள். அதே தோலை 'ஆரஞ்சுத் தோல்' என்று இரண்டரை வருடமாகக் குறித்திருக்கிறாள். அறுபத்தொரு சட்டங்களில். எந்த மாதம் படர்கிறது, எப்போது சுருங்குகிறது, எந்தக் கடல்நத்தை அதை மேய்கிறது, எல்லாம் நக அகலப் படங்களோடு.

"புதுசுன்னு ஏன்டி சொல்லல?"

"புதுசான்னு எனக்கெப்படித் தெரியும்? இருக்குன்னுதான் தெரியும். நோட்டை எடுத்துட்டுப் போ, நாளைக்கு உதவும்."

எடுத்துக்கொண்டு போனேன். யார் எழுதியது, நான் எங்கே தப்பாக வெட்டினேன் என்று குழுவின் முன் சொன்னேன். அப்படியென்றால் ஒரு வருடமாக நீ என்ன செய்தாய் என்று தலைவர் கேட்டார். உதவித்தொகையை ஆறு மாதம் மட்டும் நீட்டித்தார்கள். கட்டுரையில் அவள் பெயர் முதலில் வரும் என்று நானே சொல்லிவிட்டு வந்தேன்.

வெளியே நத்தைக்கு முதல் முறையாகக் கோபம். "முதல் பேருன்னா கட்டுரையை நானில்ல எழுதணும்?"

"நீதான் எழுதணும்," என்றேன். "அதைப் பத்தி எனக்கு மூணு வரிதான்டி தெரியும்."