வீசல் ஊர்வலம்

"சுவர் ஓரமா கவைக்கோலை ஓங்கிக் குத்தாதே பெஸ்டி. உள்ளே வீசல் குடும்பம் இருக்கு" என்று டீலியா காலையிலேயே தன் அண்ணனிடம் சொல்லியிருந்தாள்.

அயர்லாந்தின் மேற்கே, எங்கள் மேயோ கடற்கரையில் வீசலுக்குப் பயப்படாத வீடு கிடையாது. கீரி மாதிரி ஒரு சின்னப் பிராணிதான், கீரியில் பாதிகூட இருக்காது. முதுகு செம்மண் நிறம், வயிறு வெள்ளை, வால் நுனி மட்டும் கறுப்பு. அதற்கு மனிதப் பேச்சு புரியும் என்பார்கள். வைதால் வந்து பாலில் விஷத்தைத் துப்பிவிட்டுப் போகும். தன் இனத்தில் ஒன்று செத்தால் மற்றவை வரிசையாக வந்து தூக்கிப்போய் அடக்கம் செய்யும். கொன்றவனைச் சும்மா விடாது. வழியில் எதிர்ப்பட்டால் நாங்கள் மரியாதையாக, "வாங்கம்மா, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வோம்.

பெஸ்டி இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கிறவன். கல்யாணமாகாத ஆள், அந்த வீட்டில் அவனும் தங்கையும் மட்டும்தான். அவர்கள் புல் அறுப்புக்கு உதவியாக நானும் என் கணவர் கோல்மனும் போயிருந்தோம். மத்தியானம் வயலின் கல்சுவரோரம் கிடந்த புல்லை வாரும்போது பெஸ்டியின் கவைக்கோல் எதிலோ இறங்கியது. வளர்ந்தும் வளராத ஒரு வீசல் குட்டி. முனையிலிருந்து உதறி அதைச் சுவர்மேல் எறிந்தான்.

டீலியா எங்களுக்குக் கொண்டுவந்திருந்த பால் டீத்தூக்கைக் கவிழ்க்கப் போனாள். "இனி இதைக் குடிக்கக் கூடாது."

"இங்கே கொடு. விஷமிருந்தா ருசி எப்படின்னு பார்த்துச் சொல்றேன்." பெஸ்டி தூக்கை வாங்கி வாய் வைத்தே குடித்தான்.

"செத்தா உன் கறுப்புப் பசு எனக்குத்தான், சொல்லிட்டேன்" என்றார் கோல்மன்.

வெயில் சாயும் நேரத்தில் சுவரைப் பார்த்தேன். குட்டியைக் காணோம். அப்புறம்தான் கவனித்தோம்: அறுத்த புல்வெளியின் ஓரமாக ஒரு பெரிய வீசல், செத்த குட்டியைக் கழுத்தில் கவ்விப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. அதன் பின்னால் ஆறேழு குட்டிகள், ஒன்றின் வாலை ஒன்று ஒட்டியபடி, ஒரே கயிறாக. கொஞ்சமும் சத்தமில்லை. நடுவழியில் தாய் குட்டியைக் கீழே விட்டது. பின்னங்காலில் நிமிர்ந்து நின்று எங்களைப் பார்த்தது. பெஸ்டியைத்தான் பார்த்தது என்று எல்லோருக்குமே தோன்றியது. கோல்மன் தன்னை அறியாமல் தொப்பியைக் கழற்றினார்.

அன்று மாலையே பெஸ்டி வாந்தி எடுத்தான். மறுநாள் எழுந்திருக்கவில்லை. டாக்டர் வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பெஸ்டி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தான். கஞ்சி இறங்கவில்லை. "அது என் முகத்தை மனசுல வாங்கிக்கிட்டுப் போயிருக்கு" என்றான். அந்த வாரக் கடைசியில், சாகுமுன் செய்யும் ஜெபத்துக்குப் பாதிரியாரைக் கூப்பிடச் சொன்னான்.

டீலியா என் வீட்டுக்கு ஓடி வந்தாள். "துணைக்கு வாடி. நான் போய் அதுங்ககிட்ட மன்னிப்புக் கேட்கப்போறேன்."

ஒரு கிண்ணம் பாலோடு போனோம். ஊர்வலம் போன திசையில் ஒரு பாழடைந்த சுண்ணாம்புச் சூளை இருந்தது. கிட்டே போகும்போதே உள்ளிருந்து கிச்சுக்கிச்சென்று ஒலி. சிறுபிள்ளைகள் அடக்கிக்கொண்டு சிரிப்பது மாதிரி. கல்லிடுக்கில் கண்ணை வைத்தோம்.

குட்டிகள் விளையாடிக்கொண்டிருந்தன. ஒன்றன்மேல் ஒன்று உருண்டு, பாய்ந்து, வாலைக் கடித்து. நடுவே எலிகள், ஒரு முயல்குட்டி, தாய் சேர்த்துவைத்த இரையெல்லாம் குவியலாகக் கிடந்தது. அந்தக் குவியலில்தான் செத்த குட்டியும் கிடந்தது. ஒன்று அதன் காதைப் பிடித்து இழுத்தது. இன்னொன்று மறுபக்கம் இழுத்தது. பிறகு விளையாட்டு நின்றது. இரண்டும் தலையைக் குனிந்து தின்னத் தொடங்கின. எங்களுக்குக் கையெட்டும் தூரத்தில் தாய் நிமிர்ந்து நின்றது. மூக்கை உயர்த்தி எங்களை மோந்தது. பகையுமில்லை, துக்கமுமில்லை, இரண்டு மரங்களைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, அதுவும் குவியல் பக்கம் போனது.

பால் கிண்ணம் டீலியாவின் கையிலேயே இருந்தது. அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க அங்கே ஒருவரும் இல்லாததுபோல இருந்தது.

வீட்டுக்கு வந்து பெஸ்டியின் கட்டில் ஓரம் நின்றபடியே சொன்னாள். "அடக்கம் பண்ணல பெஸ்டி. தின்னுச்சுங்க."

"எதை?"

"அந்தக் குட்டியை. அதோட கூடப்பிறந்ததுங்களே."

சுவர்ப்பக்கமிருந்து அவன் திரும்பினான். "அழலையா?"

"விளையாடிச்சுங்க."

"அப்ப என்னை யாரும் சபிக்கல?"

"உன்னை யாரும் நினைக்கவே இல்ல."

நிம்மதியாவான் என்று நினைத்தேன். யாரோ அவனைக் கன்னத்தில் அறைந்த மாதிரி முகம் போயிற்று. மெல்ல எழுந்து உட்கார்ந்தான். ரொட்டி கேட்டான். வெண்ணெய் தடவி இரண்டு துண்டு தின்றான். சாயங்காலம் பசுக்களைக் கறந்ததும் அவன்தான். மழைக்கு முன்னால் மிச்சப் புல்லையும் போர் போட்டுவிட்டோம்.

அவன் பிழைத்துக்கொண்டான். டீலியாதான் அன்று இரவு தன் வீட்டில் படுக்க முடியாமல் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கோல்மன் ஏதோ கேலி பேசப் போனார். நான் கண் காட்டி நிறுத்தினேன்.

"ஊர் சொன்னது நிஜமாவே இருந்திருக்கக் கூடாதா" என்றாள். "விஷமே துப்பட்டும். பழியே வாங்கட்டும். ஒருத்தருக்காக இன்னொருத்தர் வர்றாங்கன்னாவது இருந்திருக்கும்."

விளக்கை அணைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். அணைக்கவில்லை.